நான்காம் நாள்

‘மலையாளி நர்ஸ்’ என்று திருச்சியில் யாரிடமாவது சொன்னால் அவர் மனதில் கோட்டயமோ பத்தனம்திட்டாவோதான் வரும். அதே திருச்சி மாவட்டத்தில் துறையூரைத் தாண்டி, சோபனபுரத்தில் மலையேறினால் பச்சைமலை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களின் பெயரும் மலையாளிதான். மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்று ஒரு கதை அவர்களிடம் உண்டு. அவர்களுடைய ஆதிக்கதையே ஊர்விட்டு ஊர் போன கதைதான்.

அந்த மலையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்து முடித்து, முதல் வேலைக்காகப் பெங்களூரு போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெண் கற்பனைதான். ஆனால் அவள் போய் நிற்க வேண்டிய ஒவ்வொரு மேசையும் நிஜம். அங்கே தன்னை ‘மலையாளி’ என்று சொன்னால், “கேரளாவுல எந்த ஊரு?” என்பார்கள். ‘தமிழ்’ என்றால் போதும், அடுத்த கேள்வி இல்லை. ஒரு மாநில எல்லையைத் தாண்டியதும் அவளுடைய சொந்தப் பெயரே வேறொருவருடையதாகிவிடுகிறது.

இதை ஒரு வேலைவாய்ப்புப் பிரச்சனையாகப் பேசலாம்; பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு இதில் ஒரு அறக்கேள்வி இருப்பதாகப் படுகிறது. புதிதாக வந்து நிற்கும் ஒருவரை யாராவது ஒருவர் முதலில் நம்பியாக வேண்டும். அந்த முதல் நம்பிக்கையை வைக்க வேண்டியவர் யார்? அப்படி நம்புவது தயவா, கடமையா?

*

முதலில் காகிதங்கள். தமிழ்நாட்டில் நர்சிங் முடித்தவர் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவுசெய்கிறார். 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தில் பிறந்த அமைப்பு அது. கர்நாடகத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி கவுன்சில், தனிப் பதிவேடு. இங்கே பதிவுசெய்தவர் அங்கே வேலை பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், ஒரு கவுன்சில் இன்னொரு கவுன்சிலுக்குச் சான்று சரிபார்த்து எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட படிப்பு எந்த மாநிலப் பதிவேட்டில் சேரவும் போதுமான தகுதி என்று 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் சொல்லிவிட்டது. ஆக, உரிமை இருக்கிறது. கூடவே காத்திருப்பும் இருக்கிறது. காத்திருக்கும் நாட்களுக்கான ஹாஸ்டல் வாடகையும் மெஸ் காசும் எந்தச் சட்டத்திலும் வராது. அது அவள் அம்மா அப்பாவின் கணக்கில் வரும்.

பச்சைமலையில் விளையும் மரவள்ளியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிழங்கு மலையிறங்கி ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகி வடமாநிலங்களுக்கு லாரி ஏறுகிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஜவ்வரிசி மூட்டையை இப்போது யாரும் நிறுத்தி, “இந்த மாநிலத்துல பதிவு பண்ணியிருக்கியா?” என்று கேட்பதில்லை. நர்ஸைக் கேட்கிறார்கள். 2023இல் நிறைவேறிய தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் நாடு முழுமைக்குமான பதிவேட்டைப் பேசுகிறது. நல்லதுதான். ஆனால் 1926லிருந்து கணக்குப் போட்டால் அது எவ்வளவு தாமதம் என்றும் தெரியும்.

இன்னொரு காகிதம், சாதிச் சான்றிதழ். மலையாளிகள் தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர். அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. தருமபுரி, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, பழைய வடாற்காடு, தென்னாற்காடு என்று பட்டியலிலேயே பெயர் சொல்லி எல்லை போட்டிருக்கிறார்கள். ஈரோடு பக்கம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று பல காலமாகக் கேட்டுவந்தார்கள். மாநிலம் தாண்டினால் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு சமூகத்தின் பின்தங்கிய நிலை அது வாழும் மாநிலத்தின் சூழலை வைத்து மதிப்பிடப்படுவது என்பது அதற்கான காரணம். காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு நிறுவனங்களின் தேர்வில் அவள் சான்றிதழ் செல்லும். கர்நாடக அரசு மருத்துவமனைப் பணிக்குச் செல்லாது. தனியார் மருத்துவமனைக்கு அது வெறும் காகிதம். சரி, சான்றிதழ் எல்லையில் நின்றுவிட்டது. சாதி நின்றுவிட்டதா? வாடகைக்கு ரூம் கேட்டுப் போகும்போது, “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்கு என்.ஓ.சி. தேவைப்படுவதில்லை. சலுகை தங்கிவிடுகிறது, சங்கடம் பஸ் ஏறிக் கூடவே வந்துவிடுகிறது.

*

காகிதமெல்லாம் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி வரும். “எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?”

இந்த வட்டம் எல்லாத் துறையினருக்கும் தெரிந்ததுதான். வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. ஐ.டி. கம்பெனி வாசலில் நின்றவர்கள் இதை வைத்து மீம் போட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். நர்சிங்கில் அப்படிச் சிரித்துவிட முடியாது. நீர்க்காத பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இன்சுலினில் ஒரு பூஜ்யம் கூடினால் காலையில் நோயாளி கண்விழிக்க மாட்டார். ஐசியு படுக்கையில் கிடப்பவர், “எனக்குப் புது நர்ஸ் வேணாம், சீனியரா அனுப்புங்க” என்று சொல்லும் நிலையில் இல்லை. அவருக்காக அந்தக் கேள்வியை மருத்துவமனை கேட்பது தப்பா? என் அப்பாவோ உங்கள் அம்மாவோ உள்ளே கிடந்தால் நாமும் அதைத்தானே கேட்போம். இந்த எதிர்வாதம் வலுவானது. இதைத் தாண்டாமல் ‘பாவம், சின்னப் பொண்ணு, வாய்ப்பு கொடுங்க’ என்று பேசினால் அது வெறும் இரக்கம்.

தாண்ட முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் அனுபவம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அதை ஒருவரின் சொந்தச் சம்பாத்தியம் மாதிரிப் பேசுகிறோம். ‘எனக்குப் பத்து வருஷ அனுபவம்’ என்கிறோம். ஆனால் அந்தப் பத்து வருடத்தின் முதல் நாளைப் பாருங்கள். அன்று அவருக்கு அனுபவம் இல்லை. யாரோ ஒரு வார்டு சிஸ்டர் பக்கத்தில் நின்று, “ஊசியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் புடி” என்று சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு நோயாளி, இரண்டாவது தடவையும் நரம்பு கிடைக்காதபோது பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார். அனுபவம் என்பது அப்படிப் பலர் கொடுத்த இடத்தில் விளைந்தது. கடனாக வாங்கியது. வாங்கியவரிடமே திருப்பிக் கொடுக்கவும் முடியாது, அந்த சிஸ்டர் இந்நேரம் ரிட்டயர் ஆகியிருப்பார். அடுத்து வருபவருக்குக் கொடுத்துத்தான் அந்தக் கடன் தீரும்.

நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஏரித் தண்ணீரில் பாசனம் செய்கிற ஒவ்வொரு வீடும் தூர்வாரவும் கரை கட்டவும் ஆள் அனுப்ப வேண்டும். ஆள் அனுப்பாமல் மடையை மட்டும் திறந்துகொள்கிறவனை ஊர் என்ன சொல்லும்? ‘இரண்டு வருட அனுபவம் கட்டாயம்’ என்று எல்லா மருத்துவமனையும் போர்டு வைத்தால், அந்த இரண்டு வருடத்தை யார் கொடுப்பது? யாரோ ஒரு சின்ன நர்சிங் ஹோம், குறைந்த சம்பளத்துக்கு, கவனிக்க ஆளில்லாத நைட் டியூட்டியில் கொடுக்கும். அங்கே தப்பித்து வந்தவளைப் பெரிய இடம் எடுத்துக்கொள்ளும். புதியவளின் ஆபத்து மறைந்துவிடவில்லை. வசதி குறைந்த நோயாளியின் படுக்கைக்குத் தள்ளிவிடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. புதிய நர்ஸ் ஆபத்தானவளாக ஆவது அவள் புதியவள் என்பதால் மட்டும் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாததால். தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இங்கே விதிமுறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்கு நடக்கிற வார்டில் புதியவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்கு நேரம் இருக்கும். முப்பது பேருக்கு ஒருத்தி ஓடுகிற வார்டில் சொல்லிக்கொடுக்க ஏது நேரம்? அங்கே ‘ரெடிமேடா’ ஆள் கேட்கத்தான் செய்வார்கள். அனுபவம் கேட்பது நோயாளியின் பாதுகாப்புக்காக என்று சொல்கிற நிர்வாகம், அந்தப் பாதுகாப்புக்காக இன்னொரு நர்ஸை வேலைக்கு எடுத்திருக்கிறதா என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

*

மாநிலம் மாறி வந்தவளுக்கு இதற்கு மேல் ஒரு சுமை உண்டு. மொழி.

தமிழில் வலிக்கு எத்தனை வினைச்சொற்கள்! குத்துது, கடுக்குது, குடையுது, இழுக்குது, பெசையுது, சுருக்குங்குது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. வயிறு பெசைந்தால் ஒன்று, காது குடைந்தால் வேறொன்று. ‘நெஞ்சு கரிக்குது’ என்று ஒரு பெரியவர் சொல்வதற்கும் ‘நெஞ்சை அடைக்குது’ என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு உயிரே இருக்கலாம். இரண்டையுமே அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் இரண்டாவதைக் கேட்டவள் ஓட வேண்டும். பச்சைமலைப் பெண்ணுக்கு இது யாரும் சொல்லித்தராமலே தெரியும். பாட்டி திண்ணையில் முனகும்போதே காதில் விழுந்த பாடம். நர்சிங் சிலபஸில் இல்லாத, அவளிடம் இருந்த பெரிய திறமை அதுதான். அத்திப்பள்ளி தாண்டியதும் அது செல்லாக்காசாகிறது.

முழுக்கச் செல்லாமலும் போவதில்லை. கன்னடத்தில் நெஞ்சுவலி ‘எதெ நோவு’. அவள் பாட்டி சொன்ன அதே நோவு. நெஞ்சு எரிச்சல் ‘எதெ உரி’. முதல் வாரம் யாராவது ‘உரி’ என்றால் வாழைப்பழத்தையா தோலையா என்று குழம்புவாள். மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும். ஆக, ‘உள்ளூர் மொழி தெரிஞ்சிருக்கணும்’ என்று கேட்பது நியாயமான கேள்வி. நோயாளி தன் வலியைத் தன் மொழியில் சொல்ல உரிமை உள்ளவர். ஆனால் ‘வந்த அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்’ என்பது மொழிப்பற்று அல்ல, கதவைச் சாத்த ஒரு தாழ்ப்பாள். கற்றுக்கொள்ள வேண்டியது அவள் கடமை. கற்றுக்கொள்ளும் அந்த மூன்று மாதத்தைக் கொடுப்பது இருப்பவர்களின் கடமை. ஒரு கடமை இன்னொன்றைத் தள்ளுபடி செய்துவிடாது.

*

முதல் நம்பிக்கையை வைக்கத் தயங்குகிற மருத்துவமனைகள் அதற்குப் பதிலாக ஒரு வழியைக் கண்டுபிடித்தன. ‘ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துட்டுப் போ. ரெண்டு வருஷம் பாண்டு. நடுவுல போனா பணம் கட்டணும்.’

பெயர்தான் பாண்டு, நடப்பது அடகு. அடகுக்கடையில் உங்களை நம்பி யாரும் காசு தருவதில்லை, நகையை நம்பித் தருகிறார்கள். அன்னெட் பையர் என்ற தத்துவவாதி 1986இல் நம்பிக்கை பற்றி எழுதிய கட்டுரையில், ஒருவரை நம்புவது என்பது அவர் நினைத்தால் நமக்குக் கெடுதல் செய்யக்கூடிய இடத்தில் நம்மை வைத்துக்கொள்வது என்ற பொருளில் பேசுகிறார். நம்புகிறவர் கொஞ்சம் பலவீனப்பட்டாக வேண்டும். பாண்டு அந்தப் பலவீனத்தை முழுக்க எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. மருத்துவமனை எதையும் பணயம் வைப்பதில்லை. ஊர் தெரியாத, மொழி தெரியாத இருபத்திரண்டு வயதுப் பெண் தன் நான்கு வருடப் படிப்பைக் கொண்டுபோய் ஒரு அலமாரியில் பூட்டிவிட்டு வருகிறாள்.

இது நடந்த கதைதான். 2011, 2012இல் டெல்லி, மும்பை, கொச்சி என்று பல நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் நர்ஸுகள், பெரும்பாலும் கேரளத்திலிருந்து போனவர்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், வேலைநேரம், கூடவே இந்த பாண்டும் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதும்தான் கோரிக்கைகளின் மையம். யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு எழுந்ததும் அந்த அலையில்தான். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸுகளின் நிலையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லின் பலம் எவ்வளவு என்று தனியார் வார்டில் வேலை பார்க்கும் எந்தத் தங்கச்சியையும் கேட்டால் சொல்லிவிடுவாள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலை பார்த்திருந்தால் பாண்டை எதிர்க்க ஒரு மாமாவோ வார்டு கவுன்சிலரோ வந்திருப்பார்கள். வெளியூர்க்காரி என்பதுதான் அந்த அடகின் உண்மையான பூட்டு.

*

‘விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு’ என்பது நம் பழமொழி. தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர். புதிதாக வந்தவரை எப்படி நடத்த வேண்டும் என்று நம் மரபு பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறது. ஆனால் எல்லாமே முதல் மூன்று நாளுக்கு. திரும்பிப் போகப்போகிறவருக்கு இலை போடுவது சுலபம். நான்காம் நாளும் இருக்கிறேன், இங்கேயே உழைக்கிறேன், வாடகை தருகிறேன், என்னை உங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்லும்போது நம் முகம் மாறுகிறது. அவருக்கு நம்மிடம் நல்ல சொல் இல்லை. ‘வெளியூர்க்காரங்க’, ‘வந்தேறி’ என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1795இல் ‘நிரந்தர அமைதி’ பற்றி எழுதியபோது, அந்நியரை விரோதியாக நடத்தாமல் ஏற்பது தயாளம் சார்ந்த விஷயமல்ல, உரிமை சார்ந்த விஷயம் என்றார். ஆனால் அவரும் அதை வந்து பார்த்துப் போகிற உரிமையோடு நிறுத்திக்கொண்டார். தங்கி வாழ்கிற உரிமைக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்றார். கோனிக்ஸ்பெர்க் தத்துவவாதியும் நம் ஊர்ப் பாட்டியும் மூன்றாம் நாளில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஒரே நாட்டுக்குள் இருக்கும் நமக்கு அந்தத் தனி ஒப்பந்தம் கைவசம் இருக்கிறது. இந்தியாவில் எங்கும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. உரிமை நான்காம் நாளைத் தாண்டிவிட்டது. மனசு இன்னும் மூன்றாம் நாளிலேயே இருக்கிறது.

பெங்களூருவைக் குறை சொல்லி முடித்துவிட வேண்டாம். உலகில் எட்டு நர்ஸுகளில் ஒருவர் தான் பிறந்த அல்லது படித்த நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை சொன்னது. எல்லா ஊரும் அனுப்புகிற ஊர்தான், எல்லா ஊரும் வாங்குகிற ஊர்தான். தமிழ்நாட்டு வார்டுகளில் எத்தனை காலமாகக் கேரளத்துப் பெண்கள் நம் அம்மாக்களுக்குப் பெட்பேன் வைத்திருக்கிறார்கள்! அவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன? சினிமாவில் ஒரு காமெடி ட்ராக். அவர்களுடைய தமிழைப் பேசிக்காட்டிச் சிரித்தோம். நோவும் வேதனையும் கலந்த அந்தத் தமிழில்தான் அவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு, “அம்மா, வேதனை உண்டோ?” என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டார்கள். பச்சைமலைப் பெண்ணுக்குப் பெங்களூரில் நியாயம் கேட்கிறவர் திருச்சியில் அதைக் கொடுத்தவராக இருக்க வேண்டும்.

*

ஆஸ்பத்திரி என்பதே அந்நியர்கள் அந்நியர்களை நம்புகிற இடம். உள்ளே போகிற நோயாளி நர்ஸின் மார்க் ஷீட்டைப் பார்ப்பதில்லை. பெயர்கூடக் கேட்பதில்லை, ‘சிஸ்டர்’ என்கிறார், கையை நீட்டுகிறார். அவ்வளவு பெரிய நம்பிக்கையை நாள்தோறும் வாங்கிக்கொள்கிற ஒரு நிறுவனம், அதில் ஒரு துளியைக்கூடப் புதிதாக வந்த ஊழியரிடம் காட்டாமல் இருப்பது நியாயமில்லை. வாங்குவது மட்டும், கொடுப்பது இல்லை என்றால் எந்த மொய்க்கணக்கும் நிற்காது.

முதல் நம்பிக்கை கண்ணை மூடிக்கொண்டு வைப்பதும் அல்ல. அதற்கான முறை வார்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்சுலின், ஹெபாரின் மாதிரி ஆபத்தான மருந்துகளைக் கொடுக்கும் முன் இரண்டு நர்ஸுகள் தனித்தனியாக அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். இருபது வருட சீனியருக்கும் அதே விதிதான். யாரையும் சந்தேகப்பட்டு அந்த விதி வரவில்லை. எவர் கையும் ஒரு நாள் தவறும், பக்கத்தில் ஒரு கண் வேண்டும் என்பதால் வந்தது. புதியவளை நம்புவது என்றால் இதுதான். அவளைத் தனியே விடுவதும் இல்லை, வாசலிலேயே நிறுத்துவதும் இல்லை. இன்னொருவர் கூட நின்று கையெழுத்துப் போடுவது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்துக்கு நான்கு உறுப்பு சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் நிற்பவர் என்று கொள்ளலாம். நர்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம். நோயாளியின் பக்கத்தில் நிற்க வந்தவள் அவள். முதல் ஆறு மாதம் அவள் பக்கத்தில் நிற்க யார் என்பதை மருத்துவமனைகள் டியூட்டி ரோஸ்டரில் பெயர் போட்டு எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தால் அந்த ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா’ என்ற கேள்விக்கு அவசியம் இருக்காது.